பார்க்கலாமா, திருத்தலாமா? கூட்டுக் கற்றல் தளத்தில் அனுமதி வைப்பது பற்றி

மல்லாவிப் பக்கம் உயிரியல் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். "தம்பி, எல்லாருக்கும் எடிட் குடுத்தா பிள்ளையள் குழப்பிப் போடுங்கள். குடுக்காம விட்டா நான் ஒராள் இருந்து எல்லாத்தையும் ரைப் பண்ண வேணும். என்ன செய்யிறது?"

அவரும் வேறு சில ஆசிரியர்களும் சேர்ந்து க.பொ.த. உயர்தர மாணவர்களுக்காக ஒரு கற்றல் தளம் நடத்துகிறார்கள். குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், கலைச்சொல் விளக்கங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று பிள்ளைகள் சிதறி இருக்கிறார்கள். பின்னேர ரியூசனுக்குக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போனால் திரும்பி வர பஸ் இல்லை. அதனால் இந்தத் தளம் அவர்களுக்கு ஒரு வகுப்பறை மாதிரி. தளத்தை அமைத்துக் கொடுத்தது நான். முதலில் பிழையாக அமைத்ததும் நான்தான்.

அந்தப் பிழையைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும். மாணவர்கள் சிலர் தாங்கள் எழுதிய குறிப்புகளையும் போட விரும்பினார்கள். நல்ல விஷயம்தானே என்று அவர்களையும் பாடத்துக்குள் ஆசிரியராகவே சேர்த்துவிட்டேன். இரண்டு வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு ஒரு நாள் இரவு, கலப்பிரிவு பற்றிய நீண்ட பக்கம் ஒன்று ஒற்றை வரியாகச் சுருங்கிப் போனது. "மிஸ், இரண்டாவது படம் விளங்கவில்லை" என்பதுதான் அந்த வரி. சந்தேகம் கேட்க வந்த பிள்ளை, போனில் தவறுதலாகத் திருத்தும் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்து, கேள்வியை எழுதிச் சேமித்திருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பழைய வடிவங்கள் எதுவும் சேமிப்பில் இல்லை. கடைசியில் ஒரு மாணவி கொப்பியில் பார்த்து எழுதி வைத்திருந்ததால், அதைப் பார்த்து மறுபடி ரைப் செய்தோம். "கொப்பி புத்தகம் எல்லாத்தையும் ஒருக்கா விட்டிட்டு வந்த ஆக்கள் நாங்கள்" என்றார் ஆசிரியை. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளை செய்தது குற்றமில்லை. தேவையில்லாத ஒரு திறப்பை அதன் கையில் கொடுத்தது நான்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். "எடிட் குடுப்பதா இல்லையா" என்று கேட்கும்போதே நாம் பல செயல்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். ஒரு தளத்தில் ஒருவர் செய்யக்கூடியவற்றைப் பிரித்துப் பாருங்கள். பார்ப்பது ஒன்று. கருத்துச் சொல்வது ஒன்று. புதிதாக ஒன்றைச் சேர்ப்பது, தான் சேர்த்ததைத் திருத்துவது, பிறர் சேர்த்ததைத் திருத்துவது, அழிப்பது, இவையெல்லாம் வெவ்வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கும் அனுமதி என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது கருத்துச் சொல்வதும் புதிதாகச் சேர்ப்பதும்தான். நான் கொடுத்ததோ பிறர் எழுதியதை அழிப்பது வரை.

வாட்ஸ்அப் குழு வைத்திருக்கும் எவருக்கும் இது ஏற்கெனவே தெரிந்ததுதான். குழுவில் எல்லாரும் செய்தி போடலாம், ஆனால் குழுவின் பெயரையும் படத்தையும் அட்மின் மட்டுமே மாற்றலாம் என்று வைக்கலாம். அறிவித்தல் குழு என்றால் அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்றும் வைக்கலாம். ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி ஆளி (சுவிட்ச்) இருக்கிறது.

வன்னியில் குளத்துத் தண்ணீரில் கமம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் துருசு, அதாவது மதகு, திறப்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வேலை. வாய்க்காலில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைப்பது கமக்கார அமைப்பின் வேலை. தன் வயலுக்குள் வரம்பை வெட்டித் தண்ணீர் விடுவது கமக்காரனின் வேலை. வயலில் வெட்டியது பிழைத்தால் மண்வெட்டியோடு போய் அடைக்கலாம். துருசில் பிழைத்தால் சிறுபோகமே போய்விடும். கையில் உள்ள பொறுப்பின் அளவை ஆளின் தகுதி தீர்மானிப்பதில்லை. பிழை நடந்தால் தண்ணீர் எவ்வளவு தூரம் பாயும் என்பதுதான் தீர்மானிக்கிறது.

அதனால் எந்த அனுமதியைக் கொடுக்கும் முன்னும் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இதில் பிழை விட்டால் மீட்க முடியுமா, யாரால் மீட்க முடியும்? மீட்கலாம் என்றால் தாராளமாகக் கொடுங்கள். முடியாதென்றால் ஒன்றிரண்டு கைகளில் மட்டும் வையுங்கள். ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு கணினி அறிஞர்கள் 1975 இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அனுமதியே இருக்க வேண்டும் என்ற கொள்கையைத் தெளிவாக வைத்தார்கள். அனுமதி பற்றி இன்றைக்கும் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதோடு மீட்கும் வசதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் கற்றல் தளத்துக்குப் பொருந்தும் என்பது என் அனுபவம். குறைந்த அனுமதி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால், கடைசியில் ஆசிரியை ஒராள் இருந்து ரைப் பண்ணுகிற இடத்துக்கே திரும்பி வருவோம்.

கூகுள் டொக்ஸில் தொடங்குபவர்களுக்கு

பலர் தனியாகத் தளம் அமைப்பதில்லை. ஒரு கூகுள் ஆவணத்தைத் திறந்து பகிர்ந்துகொள்வதோடு சரி. அதில் பார்ப்பவர், கருத்துரைப்பவர், திருத்துபவர் என்று மூன்று படிகள் உண்டு. நடுவில் உள்ள கருத்துரைப்பவர் என்ற படியை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். மாணவர்களுக்கு மிகவும் பொருத்தமான படி அதுதான். அவர்கள் ஓரத்தில் கேள்வி எழுதலாம், ஒரு சொல்லை மாற்றும்படி முன்மொழியலாம். ஆசிரியர் ஏற்றால்தான் மாற்றம் உள்ளே போகும்.

வழமையாக நடக்கும் பிழை வேறொன்று. "இணைப்பு உள்ள எவரும்" என்று தெரிவு செய்து, பக்கத்திலேயே "திருத்துபவர்" என்றும் வைத்து, இணைப்பை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது. அந்த இணைப்பு அண்ணனுக்குப் போகும், பக்கத்துப் பாடசாலைக்குப் போகும். கூகுள் கணக்கில் நுழையாமல் வருகிறவர்கள் பெயரில்லாத விலங்குப் படங்களாகத்தான் தெரிவார்கள். யார் எதை மாற்றினார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எல்லாருக்குமான இணைப்பு என்றால் பார்க்க மட்டும், அல்லது கருத்துச் சொல்ல மட்டும். திருத்த வேண்டியவர்களை மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தனித்தனியே சேர்ப்பது பாதுகாப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருத்துபவராகச் சேர்த்த ஒருவர், நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், வேறு ஆட்களையும் சேர்க்கலாம். பகிர்வு அமைப்புக்குள் போய், திருத்துபவர்கள் அனுமதியை மாற்றவும் பகிரவும் முடியும் என்ற இடத்தில் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். அனுமதி கொடுக்கும் அனுமதி என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

மீட்பதைப் பொறுத்தவரை கூகுள் டொக்ஸ் நல்லது. பழைய வடிவங்களின் வரலாறு தானாகச் சேமிக்கப்படும், முந்திய வடிவத்துக்குத் திரும்பலாம். அதனால்தான் இங்கே ஐந்தாறு ஆசிரியர்களுக்குத் திருத்தும் அனுமதி கொடுப்பதில் நான் தயங்குவதில்லை.

கூகுள் கிளாஸ்ரூமில் ஒப்படை கொடுக்கும்போது ஒரு கோப்பை இணைத்தால், மாணவர்கள் பார்க்கலாம், மாணவர்கள் திருத்தலாம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பிரதி என்று மூன்று தெரிவுகள் வரும். இரண்டாவதைத் தெரிந்தால் வகுப்பு முழுவதும் ஒரே தாளில் எழுதும். குழுவாகச் செய்யும் வேலைக்கு அது சரி. மூன்றாவது, பரீட்சைத் தாளை ஆளுக்கொன்றாகக் கொடுப்பது போல. இதை ஒப்படையை வெளியிடும் முன்னரே தெரிவு செய்ய வேண்டும், வெளியிட்ட பின் அந்தத் தெரிவு கிடைக்காது. மாணவர் வேலையைச் சமர்ப்பித்ததும் அந்தப் பிரதியைத் திருத்தும் அனுமதி அவரிடமிருந்து போய்விடும், ஆசிரியர் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி கிடைக்கும். விடைத்தாளை வாங்குவதும் கொடுப்பதும் போலத்தான். அனுமதி என்பது ஆளோடு மட்டும் ஒட்டிக்கொண்டதல்ல, நேரத்தோடும் மாறக்கூடியது என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆளுக்குக் கொடுக்காதீர்கள், பொறுப்புக்குக் கொடுங்கள்

வன்னிப் பாடசாலைகளில் ஆசிரியர் இடமாற்றம் எவ்வளவு வழமையானது என்று சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து விடிய பஸ் ஏறி வந்து படிப்பிப்பவர், சில வருடங்களில் மாற்றலாகிப் போவார். அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியே அனுமதி போட்டிருந்தால், போனவரின் அனுமதி எங்கெங்கே கிடக்கிறது என்று தேடியே களைத்துவிடுவோம்.

இதற்குத்தான் ரோல் என்ற ஏற்பாடு. தமிழில் பொறுப்பு என்று சொல்லலாம். "இரசாயனவியல் ஆசிரியர்" என்ற பொறுப்புக்கு என்னென்ன செய்யலாம் என்று ஒரு தடவை வரையறுத்துவிட்டு, ஆட்களை அதற்குள் சேர்ப்பதும் எடுப்பதும் மட்டும் செய்தால் போதும். அதிபர் நாற்காலி அங்கேயே இருக்கிறது, அதில் இருப்பவர்தான் மாறுகிறார். ஒரு முறையாக இதை எழுதி வைத்தது 1992 இல், டேவிட் ஃபெரைலோ, ரிச்சர்ட் குன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். இன்று வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று எல்லா இடத்திலும் பெரும்பாலும் இந்த முறைதான்.

மூடிலுக்குள்

எங்கள் தளம் மூடிலில் ஓடுகிறது. அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியமாஸ் தொடங்கிய, கற்றல் தளம் நடத்துவதற்கான இலவச மென்பொருள் இது. முதல் பதிப்பு 2002 இல் வந்தது. பல்கலைக்கழகங்கள் பலவும் இதைத்தான் பாவிக்கின்றன, அதனால் உயர்தரம் முடித்துப் போகும் பிள்ளைகள் அங்கேயும் இதைக் காண்பார்கள்.

மூடிலில் ரோல்கள் தயாராகவே வரும். மனேஜர், கோர்ஸ் கிரியேட்டர், ரீச்சர், நொன்-எடிட்டிங் ரீச்சர், ஸ்டூடன்ட், கெஸ்ட். இவற்றில் நான் மிகவும் விரும்புவது நொன்-எடிட்டிங் ரீச்சர், அதாவது திருத்தும் உரிமை இல்லாத ஆசிரியர். அவர் புள்ளி போடலாம், மாணவரின் வேலையைப் பார்க்கலாம், ஆனால் பாடப் பக்கங்களைத் தொட முடியாது. எங்களோடு உதவிக்கு வரும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து வார இறுதியில் வருபவர்களுக்கு, இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஆட்களைப் புரிந்துகொண்டபின் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மூடிலில் அனுமதி மேலிருந்து கீழே பாயும். மேலே தளம் முழுவதும், அதற்குக் கீழே பாடப் பிரிவுகள், பிரிவுக்குள் பாடம், பாடத்துக்குள் ஒவ்வொரு செயற்பாடு. துருசில் திறந்தது எல்லா வாய்க்காலுக்கும் போவது போல, மேலே கொடுத்த ரோல் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் போகும். புதிதாகப் பாடம் தொடங்க ஓர் ஆசிரியருக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டால், அவசரத்தில் தள மட்டத்தில் மனேஜர் ஆக்கிவிடுவோம். அந்த நிமிடமே அவர் கணிதப் பாடத்தையும் அழிக்கக்கூடியவர் ஆகிறார். அவருடைய பிரிவுக்குள் மட்டும் கோர்ஸ் கிரியேட்டர் ஆக்கினாலே வேலை முடிந்தது.

கீழ் மட்டத்தில் விதிவிலக்கும் வைக்கலாம். ஒவ்வோர் அனுமதிக்கும் நான்கு நிலைகள் உண்டு. ஒன்று, எதுவும் சொல்லாமல் மேலே உள்ளதை அப்படியே ஏற்பது. மற்றவை அனுமதி, தடுப்பு, முழுத்தடை. தடுப்புக்கும் முழுத்தடைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மேலே தடுத்ததை, கீழே ஒரு குறிப்பிட்ட செயற்பாட்டில் அனுமதி என்று மாற்றலாம். முழுத்தடையை அப்படிக் கீழே தளர்த்த முடியாது. ஒருவருக்கு இரண்டு ரோல்கள் இருந்து, ஒன்றில் அனுமதியும் மற்றதில் தடுப்பும் வந்தால், அனுமதி வெல்லும். எங்காவது ஒரு முழுத்தடை இருந்தால் அதுதான் வெல்லும். அதனால் முழுத்தடையை மிக அரிதாகவே பாவியுங்கள். ஏன் வேலை செய்யவில்லை என்று மூன்று நாள் தேடிய பிறகு, எப்போதோ போட்ட ஒரு முழுத்தடையைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

இனி அந்தக் கலப்பிரிவுப் பக்கத்துக்கு வருவோம். மூடிலில் "பக்கம்" என்ற வகைக்குப் பழைய வடிவங்களின் வரலாறு கிடையாது. பலர் சேர்ந்து எழுதும் "விக்கி" என்ற செயற்பாட்டுக்கு உண்டு. யார் எப்போது எதை மாற்றினார் என்று பார்க்கலாம், பழையதற்குத் திரும்பலாம். இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இப்படி: ஆசிரியர்களின் முடிந்த குறிப்புகள் பக்கங்களில், அவற்றை ஆசிரியர் மட்டுமே தொடலாம். மாணவரும் சேர்ந்து எழுதுவது விக்கியில், அங்கே எல்லாருக்கும் திருத்தும் அனுமதி. மாணவர்கள் எல்லாரும் ஸ்டூடன்ட் ரோலில்தான் இருக்கிறார்கள். ஒருவரையும் ஆசிரியராக்கத் தேவைப்படவில்லை.

கலைச்சொல் தொகுதிக்கு மூடிலில் குளோசரி என்ற செயற்பாடு இருக்கிறது. அதைத் திறந்து ஒரு சிறிய ஆளியைக் காட்டுகிறேன். அமைப்புப் பக்கத்தில், புதிய பதிவுகள் தாமாகவே ஏற்கப்படுமா என்று கேட்கும் ஒரு தெரிவு வரும். அதை "இல்லை" என்று வையுங்கள். பிறகு ஒரு மாணவர் "பிரசாரணம்" (osmosis) என்று ஒரு சொல்லைச் சேர்த்து விளக்கம் எழுதினால், அது ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். பிள்ளை பிரசாரணத்துக்குப் பரவலின் (diffusion) விளக்கத்தை எழுதியிருந்தால், மற்றப் பிள்ளைகள் அதைப் படித்துப் பாடமாக்கும் முன்பே ஆசிரியர் கண்டுவிடுவார். சேர்ப்பது எல்லாரும், வெளியிடுவது ஒருவர். ஆசிரியையின் கேள்விக்கு உண்மையான விடை இந்த ஓர் ஆளியில் இருந்தது.

எல்லாம் வைத்த பிறகு மாணவரின் கண்ணால் பார்க்க மறக்காதீர்கள். உங்கள் பெயரைத் தட்டினால் வரும் பட்டியலில், வேறு ரோலுக்கு மாறிப் பார்க்கும் வசதி இருக்கிறது. நான் அதோடு நிற்பதில்லை. சோதனைக்கென்றே ஒரு மாணவர் கணக்கு வைத்திருந்து, சாதாரண ஒரு போனில் அதால் நுழைந்து பார்ப்பேன். அன்று அந்தப் பிள்ளை பார்த்த திரை எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. திருத்தும் பொத்தானும் படித்துக்கொண்டே கீழே தள்ளும் விரலும் ஒரே இடத்தில்.

எல்லாரும் திருத்தும் வழி

நேர் எதிர்த் திசையிலிருந்து வரும் ஒரு மரபும் இருக்கிறது. வார்ட் கனிங்ஹாம் 1995 இல் முதல் விக்கியைத் தொடங்கியபோது, எவரும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம் என்று வைத்தார். 2001 இல் விக்கிப்பீடியா அதே வழியில் வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல். இவ்வளவு திறந்து வைத்தும் தாக்குப்பிடிப்பது எப்படி என்றால், ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில் இருக்கிறது, அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவது அழிப்பதைவிட எளிது. அதற்குமேல், அடிக்கடி குழப்பப்படும் பக்கங்களுக்கு மட்டும் காப்பு போடுவார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் பாதி காப்புப் போட்ட பக்கத்தைத் திருத்த, கணக்குத் தொடங்கி 4 நாளாவது ஆகி, 10 திருத்தங்களாவது செய்திருக்க வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்தவரை ஒரு கிழமை பார்த்துவிட்டு வேலை கொடுப்பது போல.

விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி மென்பொருளை நீங்களும் நிறுவலாம். ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி வைத்திருக்கும் நூலகம் தளமும் அந்த மென்பொருளில்தான் இயங்குகிறது. நிறுவும்போதே உங்கள் விக்கி முழுவதும் திறந்ததா, கணக்குத் தொடங்கியவர் மட்டுமா, அனுமதி பெற்றவர் மட்டுமா, முற்றிலும் தனிப்பட்டதா என்று கேட்கும். பாடசாலை என்றால் மூன்றாவதைத் தெரியுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. மீடியாவிக்கி திருத்துவதைத் தடுக்க நல்லது, குறிப்பிட்ட ஒரு பக்கத்தை மட்டும் மறைத்து வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. தவணைப் பரீட்சை வினாத்தாளை அதற்குள் வைத்து, மாணவர் பார்க்க முடியாது என்று நம்பியிருக்காதீர்கள்.

அட்மின் கணக்கு பற்றியும் இரண்டு சொல். படலைக்கு ஒரே ஒரு திறப்பு இருந்து, அதைக் கொண்டு ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டால் வீட்டார் எல்லாரும் வெளியில்தான். அட்மின் இரண்டு பேர் இருக்கட்டும், ஐந்து பேர் வேண்டாம். நாளாந்த வேலைக்கு அந்தக் கணக்கைப் பாவிக்காமல் ஒரு ரீச்சர் கணக்கைப் பாவியுங்கள். ஒரே போனை அம்மாவும் பிள்ளையும் தம்பியும் பாவிக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அட்மினாக நுழைந்த போனைப் பிள்ளையின் கையில் கொடுத்தால், பிள்ளையும் அட்மின்தான். அப்புறம், கிழமைக்கு ஒரு தடவை முழுத் தளத்தையும் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

எங்கள் தளத்தில் இப்போது கொஞ்சம் நெருக்கமாகப் பார்த்தால் இப்படி இருக்கிறது. போன மாதம் ஒரு மாலை, இரசாயனவியல் விக்கியின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். புரொப்பேன் எரியும் சமன்பாட்டில் ஒட்சிசனுக்கு முன்னால் ஆசிரியரே 4 என்று எழுதியிருந்தார். நெடுங்கேணியிலிருந்து ஒரு மாணவி இரவு ஒன்பதே காலுக்கு அதை 5 ஆக்கியிருந்தாள். கீழே கருத்துப் பகுதியில், "சேர், வலப்பக்கம் எண்ணிப் பாருங்கோ, ஒட்சிசன் பத்து வருது" என்று எழுதியிருந்தாள். ஒன்பது ஐம்பதுக்கு ஆசிரியர் பதில் போட்டிருக்கிறார்: "சரி பிள்ளை, நான்தான் விட்டிட்டன். அடுத்த சமன்பாட்டையும் ஒருக்கா பாரும்."